மணிக்கூடும் கோழிக்கூடும்

அட்டைப்பெட்டியில் வந்தது கதவு.
ஒன்றரைச் சாண் அலுமினியத் தகடு,
கட்டைவிரல் பருமனில் மோட்டார், ஒரு நைலோன் கயிறு,
ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி என
மூன்று மொழியில் ஒரே எச்சரிக்கை:
விரலை இடையில் வைக்காதீர்.

லாங்னாவுக்கு மேலே, பஸ் திரும்பும் மேட்டில்
இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது
கூடும் ஐந்து பேடும் கூடவே வந்தன.
சேவல் கிடையாது.
கூவினால் கீழ்வீட்டு ரெகூலா
கடிதம் எழுதுவாள் என்றார் வீட்டுக்காரர்.

மூன்றரைக்கு நான் பேக்கரிக்குப் புறப்பட வேண்டும்.
நேசனுக்குப் பால் ஆலையில் இரண்டாம் சுற்று,
பதினொன்று நாற்பதுக்கு அவன் கார் மேடேறும்.
கூடு திறக்கிற நேரத்தில் அவன் தூக்கம்,
அடைக்கிற நேரத்தில் நான் தூக்கம்.
நரி மட்டும் விடுப்பு எடுப்பதில்லை.

முதலில் மணிக்கூட்டை நம்பினேன்.
மணிக்கூடு, கோழிக்கூடு,
இரண்டும் கூடுதானே, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் என்று.
காலை ஏழு, மாலை ஏழு.
சில்லறை என்றொரு பேடு,
எண்ணும்போது எப்போதும் குறைவதால் அந்தப் பெயர்,
ஏழு அடித்து ஒரு நிமிடத்தில்
சாத்திய தகட்டைக் கொத்திக்கொண்டு நின்றதாம்.
முட்டைப்பெட்டி மூடியைத் தூக்கி
ரெகூலாதான் உள்ளே விட்டாள்.
கடிதம் எழுதவில்லை. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்:
ஐந்தும் உள்ளே.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு
நாடே மணியைப் பின்னால் தள்ளியது.
சொன்ன சொல் கேட்கிற ஆள் நான்,
கதவின் மணியையும் தள்ளினேன்.
அதன்பிறகு இருட்டியும் ஒன்றரை மணிநேரம்
வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கிறது கூடு.
மதியம் வந்து பார்த்தால், சேற்றில்
வாசற்பலகை வரை வந்து
திரும்பிப்போன கால்தடம்.
ஏன் திரும்பியது?
அந்தக் கேள்வியோடு இரண்டு இரவு படுத்தேன்.

மூன்றாம் நாள் ஒன்பதாம் பக்கம்.
மணியை விடு, வெளிச்சத்தைக் கேள்.
கூரைக்கடியில் பட்டாணி அளவு ஒரு கண் பொருத்தினேன்.
பொழுது மங்கினால் இறங்கும், விடிந்தால் ஏறும்.
சில்லறைக்காக இருபது நிமிடத் தாமதமும் வைத்தேன்.
நவம்பர் ஒழுங்காகப் போனது. டிசம்பரும்.

ஜனவரியில் ஒருநாள், நல்ல பனி,
வழக்கமான இடத்தில் பனி குவிந்திருந்ததால்
நேசன் காரைக் கூட்டைப் பார்க்க நிறுத்தியிருக்கிறான்.
கர்ர்ர் என்று மோட்டார்ச் சத்தம் கேட்டு
நான் எழும்பி ஜன்னலைத் திறந்தேன்.
முன்விளக்கின் மஞ்சளில், பலகையில் இறங்கி
வரிசையாக நிற்கின்றன பேடுகள்,
நடுச்சாமத்தில், எங்கே நாள் என்று கேட்பதுபோல.

"விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சிட்டுது."
"ஆர்?"
"கதவு."

இரவுடுப்புக்கு மேல் அவனுடைய ஜாக்கெட்,
வெறுங்காலில் ரப்பர் சப்பாத்து.
ஒன்று விறகுக்கடியில், ஒன்று என் கையில் கழிந்தது,
சில்லறையைத் தேடித் தேடி
கடைசியில் கண்டோம்: காரின் முன்மூடிமேல்,
எஞ்சின் சூட்டில் வயிற்றை அமுக்கி
முட்டையிடுகிற பாவனையில்.
சிரித்த சிரிப்புக்குக் கீழே
ரெகூலா வீட்டில் விளக்கு எரிந்தது.

பிறகு தேத்தண்ணி.
குளியலறைக் குழாய் ஒழுகுது என்றான்.
தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
தலைமயிர் வெட்டினனீரோ என்று கேட்டான்.
வெட்டிப் பதினொரு நாள்.

பதினான்காம் பக்கத்தில் வழி இருக்கிறது:
எவ்வளவு வெளிச்சம் வந்தாலும்
ஆறு மணிக்கு முன் திறக்காதே.
இரண்டு பொத்தானையும் சேர்த்து
ஐந்து எண்ணும்வரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.
ஞாயிறு செய்வோம் என்றான்.
மூன்று ஞாயிறு போய்விட்டது.

வளைவிலேயே முன்விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் உருட்டிக்கொண்டு வருகிறான் இப்போது.
நேற்று மறந்துவிட்டான்.